கைநாட்டும் கையெழுத்தும்

(கோட்டைப்பட்டினத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம பிள்ளைகள் ரெண்டு பேர் வந்தாங்க. "அண்ணே, எஃப்.சி. கோலியை இந்தியக் கணினித் துறையின் தந்தைன்னு எழுதுறாங்க. ரிட்டயர் ஆன பிறகு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காக வேலை செஞ்சாராம். அவரை நாம எப்படிப் பாக்குறது?" என்று கேட்டார்கள். நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். பெரிய கம்பெனிகளின் வரலாறு எழுதுகிற ஆளில்லை. ஆனால் கேள்வி விடவில்லை. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் ஒன்று. ஓய்வுபெற்று, சாய்ந்து உட்கார்ந்து, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது என்பதே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்த ஊர்த் துறையில் ஐஸ் உடைக்கிறவருக்கும், கூடைக்கு இவ்வளவு என்று இறால் உரிக்கிற பெண்ணுக்கும் ரிட்டயர்மென்ட் கிடையாது. உடம்பு நிற்கிற அன்றைக்கு வேலை நிற்கும். அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டி "உங்கள் வாழ்க்கைச் சாதனை என்ன?" என்று கேட்பதில்லை. யாருடைய நினைவு வரலாறாகிறது, யாருடைய நினைவு புலம்பலாக ஒதுக்கப்படுகிறது என்பதும் அதிகாரம் சம்பந்தப்பட்ட விசயம்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு கோலிக்கு வருவோம்.

ஃபகிர் சந்த் கோலி 1924இல் பெஷாவரில் பிறந்தவர். லாகூரில் படித்தார். உதவித்தொகையில் கனடா போனார். பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல். 1951இல் டாடா மின்சார நிறுவனத்தில் சேர்ந்தார். பம்பாய்க்கு மின்சாரம் பங்கிடுகிற வேலையில் கணினியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1968இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தொடங்கியது. 1969இல் அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. 1996 வரை தலைமை. 1999இல் பதவிகளிலிருந்து விலகினார். 2020 நவம்பர் 26, அரசியல் சட்ட நாளன்று, 96 வயதில் இறந்தார். அப்போது அந்த நிறுவனத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வேலை பார்த்தார்கள்.

இதைச் சாதனை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வருசங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். இந்தத் துறைக்கு முதல் ஆட்கள் உருவான வகுப்பறைகளில் நமக்கென்று ஒரு நாற்காலி இல்லை. தனியார் கம்பெனி என்பதால் வேலையிலும் இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்தபோது, 2006இல் முதலாளிகளின் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு, சட்டத்துக்குப் பதிலாகத் தாங்களாகவே முன்வந்து செய்யும் நடத்தை நெறி ஒன்றை முன்வைத்தன. "தகுதி, திறமை" என்று பேசுகிறவர்கள் கோலியின் வாழ்க்கையைத் தனி மனித உழைப்பின் கதையாகச் சொல்வார்கள். அதில் உதவித்தொகை என்றொரு வார்த்தை இருக்கிறது, அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். 1942இல் வைஸ்ராயிடம் மனுக் கொடுத்து அண்ணல் நமக்காகக் கேட்டதும் அந்த உதவித்தொகையைத்தான். அவர்கள் வாங்கினால் திறமை, நாம் வாங்கினால் சலுகையா?

சரி, ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்? இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை வருகிறது. நம் கணினித் துறை வெளிநாட்டுக்காரனுக்கே வேலை செய்கிறது, ஆங்கிலம் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்கு அவர்கள் மொழியில் அது என்ன செய்தது என்ற கேள்வியை வயதான காலத்தில் விடாமல் எழுப்பினார். 2000இல் ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் ஒரு எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. அ, ஆ என்று எழுத்தில் ஆரம்பிக்காமல், முழுச் சொல்லையே படமும் ஒலியுமாகக் கணினித் திரையில் காட்டுவது. ஏறத்தாழ 40 மணி நேரத்தில் பேப்பர் படிக்கிற அளவுக்குக் கொண்டுவருவது. கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய கணினிகளே போதும். தெலுங்கில் தொடங்கித் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் போனது. 75 வயசுக்கு மேல் ஒருத்தர் இந்தக் கவலையில் இருந்தார் என்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தத் திட்டத்தின் குறி வாசிப்பு. எழுதுவது பிறகு. நேரமும் செலவும் குறைய வேண்டுமென்றால் அது நியாயமான கணக்குத்தான். பொறியாளரின் கணக்கு. நம் கணக்கு வேறு. நோட்டீசைப் படிக்கத் தெரிந்தவன் உத்தரவைப் புரிந்துகொள்வான். மனு எழுதத் தெரிந்தவன்தான் உத்தரவை மறுப்பான். பஸ்ஸின் போர்டைப் படிப்பது வேண்டும்தான். அந்த பஸ் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று எழுதிக் கேட்பதும் வேண்டும்.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்திலேயே நடந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கம்ப்யூட்டர் கிடையாது. அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, பாட்டு, சைக்கிள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பெண்கள் ஏறினாங்க. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பி. சாய்நாத் எழுதினார். கல்குவாரியில் கூலியாகக் கிடந்த பெண்கள் குழுவாகக் குவாரியைக் குத்தகை எடுத்தார்கள். பின்னாளில் பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் இந்த மாவட்டத்து அறிவொளி பற்றி 2013இல் 'தி லைட் ஆஃப் நாலெட்ஜ்' என்ற நூலை எழுதினார். தலித் பெண்கள் கலெக்டர் ஆபீசுக்குக் கொடுக்கிற மனுவில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டது எத்தனை பெரிய விசயம் என்று அதில் பேசுகிறார்.

என் அம்மாவும் அறிவொளியில் படித்தவர். நான் மடிக்குழந்தை. பேரில் மூன்றெழுத்து. அந்த மூன்றையும் எழுத எத்தனை ராத்திரி ஆச்சு என்று இன்றைக்கும் சொல்வார். கைநாட்டு என்பது நம் ஊரில் வசவு. "நீ ஒரு கைநாட்டு" என்றால் போதும், ஒரு ஆளை உட்கார வைத்துவிடலாம். அந்த வசவிலிருந்து வெளியே வந்தவர்கள் இந்தத் தலைமுறைப் பெண்கள்.

இப்போது என் கவுண்டர். வங்கியின் பேர் வேண்டாம். ஒரு அம்மா பாஸ்புக்கோடு வந்தார். செலானில் கையெழுத்தும் போட்டிருந்தார். கோணல்தான், ஆனால் முழுசாக. ஐந்நூறு ரூபாய். கூட்டம் அதிகம். சின்னத் தொகையெல்லாம் வெளியே மிஷின் வைத்திருக்கிற ஏஜென்ட்டிடம் அனுப்பு என்பது எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. நான் சொன்னேன்: "அம்மா, வெளியில மிஷின்ல விரல் வச்சா உடனே தருவாங்க." போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்.

"தம்பி, அது என் விரலைத் தெரியலங்குது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், பத்தையும் வச்சுப் பாத்துட்டேன்."

விரலைக் காட்டினார். வழவழவென்று இருந்தது. வருசக்கணக்காக இறால் உரித்து, ஐஸில் கிடந்து, ரேகை தேய்ந்துபோயிருந்தது. பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"நான்தான் கையெழுத்துப் போட்டுருக்கேனேப்பா. மறுபடியும் எதுக்கு என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்றீக?"

தோழர்களே, அந்தச் செலானைத் திருப்பிக் கொடுத்தது மிஷின் இல்லை, நான். நம் சனத்தில் பிறந்து, இடஒதுக்கீட்டில் படித்து, நாற்காலியில் உட்கார்ந்த நான். அன்றைக்கு அந்தச் செலானுக்கே பணம் கொடுத்தேன், அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். முதல் தடவையே கொடுத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஒரு தொழில்நுட்பக்காரர் விட்டுப்போனதை ஆள் எண்ணிக்கையிலும் கோடிகளிலும் அளப்பவர்கள் அளக்கட்டும். நாம் வேறு கோல் வைத்திருக்கிறோம். அது ஒரு மனுசியைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்குக் கொண்டுபோனதா, கையெழுத்திலிருந்து கைநாட்டுக்குத் திருப்பி இழுத்ததா? கோலியின் எழுத்தறிவு வேலை முதல் பக்கம் நிற்கிறது, பாதி வழி வரைக்கும். அவர் உருவாக்கிய துறையின் வாசல் நமக்குப் பெரும்பாலும் சாத்தியே இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது துதி, இல்லாவிட்டால் வசவு.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். 1983இல் வங்கிகளில் இயந்திரம் நுழைவதற்குத் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஊழியனைக் கேட்டார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்கிறவரை எப்போது, யார் கேட்டார்கள்? நாளைக்கு மென்பொருள் எழுதப்போகிற நீங்கள் கேட்க வேண்டும். விரல் தேய்ந்தவருக்கு இதில் என்ன வழி என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருவில் உட்காரப் போகிறோம். செலான், மனுத்தாள், பேனா நான் கொண்டுவருகிறேன். அறிவொளியில் படித்து மறந்துபோனவர்களை அழைத்து வாருங்கள். பேர் எழுதுவோம், மனு எழுதுவோம். அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் கீழே தன் கையெழுத்தைப் போடட்டும்.

ஜெய்பீம்.