லைடனுக்குப் போன நெல் கணக்கு

நெதர்லாந்துல இருக்கிற லைடன் பல்கலைக்கழகத்தோட பேர் நம்ம சோழர் சரித்திரத்துல எப்படி வந்துச்சு?

நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய அரசர் கட்டின சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தோட வருவாயைக் கொடுத்தார். நிலம் 97 வேலிக்கு மேல். நெல் 8,943 கலம், அதுக்கும் மேல தூணி, குறுணி, கடைசியில ஒரு நாழி வரைக்கும் கணக்கு! ஊர் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டுக் குறிச்சாங்க. அப்பா வாயால சொன்னதை 21 செப்பேடுகள்ல வெட்டவெச்சது மகன் ராஜேந்திரன்.

பின்னாடி டச்சுக்காரங்க நாகப்பட்டினத்தை ஆண்டப்போ அது கப்பலேறிச்சு. 19ஆம் நூற்றாண்டில் லைடன் நூலகத்துக்குப் போச்சு. அதனாலதான் ‘லைடன் செப்பேடு’ன்னு பேர். எனக்கு அது உறுத்துது. பத்திரம் யார் பீரோவுல இருந்துச்சோ அவர் பேரையா நிலத்துக்கு வைப்போம்? நான் ஆனைமங்கலம் செப்பேடுன்னுதான் சொல்வேன்.