எழுத்துக்கும் ஓசைக்கும் இடையே வாழும் பெயர்: ஜப்பானின் அருங்குடும்பப்பெயர்கள்

பெயராய்வு, அதாவது ஆட்பெயர், ஊர்ப்பெயர், குடிப்பெயர் ஆகியவற்றின் பிறப்பையும் பொருளையும் பரவலையும் ஆராயும் துறை, எண்ணிக்கையில் மிகுந்த பெயர்களையே பெரும்பாலும் சான்றாகக் கொண்டு வளர்ந்திருக்கிறது. பரவலான பெயர் பதிவேடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால் எளிதில் எண்ணவும் வகுக்கவும் முடிகிறது. சில நூறு பேரோ சில பத்துப் பேரோ மட்டும் தாங்கி நிற்கும் பெயர் அட்டவணையின் அடியில் ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. இக்கருத்தரங்கு அந்தப் ‘பிற’வைத் திறந்து பார்க்க முன்வந்திருப்பது பாராட்டுக்குரியது. அதற்கு ஜப்பானைக் களமாகக் கொண்டது மிகப் பொருத்தமானது. ஏனெனில் அருங்குடும்பப்பெயர்கள் அவ்வளவு செழித்த நாடுகள் உலகில் மிகச் சிலவே.

அண்டை நாடான தென்கொரியாவில் கிம், லீ, பார்க் ஆகிய மூன்று பெயர்களுக்குள் மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அடங்கிவிடுகின்றனர் என்பதை 2015ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஜப்பானிலோ முதலிடத்தில் நிற்கும் சாத்தோ என்ற பெயரைத் தாங்குவோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்நாட்டில் மொத்தம் எத்தனை குடும்பப்பெயர்கள் உள்ளன என்பதற்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. நிவா மொதோஜி தொகுத்து 1996இல் வெளியான பெருங்குடும்பப்பெயர் அகராதி ஏறத்தாழ 2,90,000 பெயர்களைத் தருகிறது. எழுத்து வேறுபட்டால் வேறு பெயரா, ஒலிப்பு வேறுபட்டால் வேறு பெயரா என்ற கேள்விக்கு ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொல்வதே இந்த மதிப்பீடுகள் இவ்வளவு விலகி நிற்பதற்கு முதன்மையான காரணமாகும். இங்கே விவாதிக்கப்படவுள்ள எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இக்கேள்விதான்.

இதனை வத்தனுக்கி என்ற ஒரு பெயரைக் கொண்டு நெருங்கிப் பார்ப்பது நல்லது. இப்பெயரின் மிக அரிய வடிவத்தில் நான்கு சீன எழுத்துகள் நிற்கின்றன. அவை முறையே நான்கு, மாதம், ஒன்று, நாள் என்று பொருள்படும். அதாவது எழுதப்பட்டிருப்பது ‘நான்காம் மாதம் முதல் நாள்’. அவ்வெழுத்துகளை நாட்காட்டியில் கண்டால் எந்த ஜப்பானியரும் ‘ஷிகட்சு ட்சுயிதாச்சி’ என்றே படிப்பார். அதே எழுத்துகள் ஒரு வீட்டு வாசலின் பெயர்ப்பலகையில் இருந்தால், அவ்வீட்டார் அதை வத்தனுக்கி என்கின்றனர். வத்த என்றால் பஞ்சு, நுக்கி என்றால் நீக்குதல். நான்கு எழுத்துகளில் எதுவும் பஞ்சைக் குறிப்பதன்று, நீக்குதலைக் குறிப்பதும் அன்று. எழுதியபடி ஒலிக்கும் எழுத்துமுறையில் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிராகத் தோன்றுவது இயல்பே.

புதிரை அவிழ்ப்பது பழைய ஆடைவழக்கம். பருவம் மாறும்போது குறித்த நாளில் உடையை மாற்றும் முறைக்குக் கொரொமொகாயே என்று பெயர். அரண்மனை வழக்கமாகத் தொடங்கி, எதோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான தொக்குகாவா ஆட்சியில், போர்வீரர் வகுப்பினருக்கு நாள் குறித்த கடமையாகவே ஆயிற்று. குளிர்காலத்தில் அணிந்த ஆடை இரண்டு துணிகளுக்கு இடையே பஞ்சு பொதித்துத் தைக்கப்பட்டது. நான்காம் மாதம் முதல் நாள் வந்ததும் தையலைப் பிரித்து, உள்ளிருந்த பஞ்சை உருவி எடுத்துவிட்டு, மேல்துணியையும் உள்துணியையும் மீண்டும் சேர்த்துத் தைத்து, அதே ஆடையை இளவேனிலுக்கு உரியதாக்கினர். வத்த என்ற சொல்லே பருத்தி பரவுவதற்கு முன்பு பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து எடுத்த பட்டுநாரைக் குறித்து வந்தது என்பதும் இங்கே கருதத்தக்கது. ஆக, எழுத்து நாளைச் சொல்ல, ஓசை அந்த நாளில் வீட்டுக்குள் நடந்த வேலையைச் சொல்கிறது. இரண்டையும் இணைக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கே பெயர் விளங்கும். 1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பான் பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டபோது அந்த இணைப்பும் தளர்ந்தது. பழைய கணக்கில் ஏப்ரல் பிற்பகுதியிலோ மே மாதத்திலோ வந்த அந்த நாள், புதிய கணக்கில் குளிர் முற்றும் விலகாத ஏப்ரல் முதல் தேதியில் வந்து விழுந்தது. பள்ளிச் சீருடை மாற்றும் நாள் இன்று பெரும்பாலும் ஜூன் முதல் தேதியாக இருக்கிறது. வழக்கம் இடம்பெயர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பழைய தேதியிலேயே நிற்கிறது.

இதே ஓசையைப் பஞ்சு, துளைத்துச் செல்லுதல் என்ற இரண்டு எழுத்துகளால் நேரடியாக எழுதும் குடும்பங்களும் உண்டு. அவ்வடிவம் அத்துணை அரியதன்று; 2000 முதல் 2003 வரை ஜப்பானிய மக்களவையின் தலைவராக இருந்த வத்தனுக்கி தமிசுக்கே அவ்வாறே எழுதினார். குன்மா மாநிலத்தின் தக்கசாக்கி நகரில் அதே எழுத்துகளால் ஆன ஊர்ப்பெயரும், அங்கே புகழ்பெற்ற பழங்காலப் புதைமேடு ஒன்றும் இருக்கின்றன. ஓசையை அளவுகோலாகக் கொண்டால் வத்தனுக்கி ஓரளவு பரவலான பெயர். எழுத்தை அளவுகோலாகக் கொண்டால் அதற்குள் மிக அரிய பெயர் ஒன்று ஒளிந்திருக்கிறது. முன்னர்ச் சுட்டிய எண்ணிக்கைச் சிக்கல் இந்த ஒரு பெயருக்குள்ளேயே முழுமையாகக் கிடக்கிறது.

வத்தனுக்கி தனித்த விந்தையும் அன்று. ‘சிறு பறவை விளையாடுதல்’ என்று எழுதித் தக்கனாஷி என்று படிக்கும் பெயரில், தக்க என்பது பருந்து, நாஷி என்பது இன்மை. பருந்து இல்லாத இடத்தில்தான் சிறு பறவை அச்சமின்றி விளையாடும் என்பது குறிப்பு. ‘நிலவு காணும் ஊர்’ என்று எழுதி யமனாஷி, அதாவது ‘மலை இல்லை’, என்று படிக்கும் பெயரும் அவ்வாறே. கீழ்வானை மறைக்க மலை இல்லாத ஊரில் நிலவு முழுதாகத் தெரியும். எழுத்து விளைவைக் காட்ட, ஓசை காரணத்தைக் கூறும் இந்த உத்தி பெயர்களில் பிறந்ததன்று. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூ என்னும் பாடற்றொகையில், ‘குக்கு’ என்ற ஒலியை எழுத வேண்டிய இடத்தில் எண்பத்தொன்று என்ற எண்ணை எழுதிய இடங்கள் உள்ளன. கு என்றால் ஒன்பது, ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் எண்பத்தொன்று. பெருக்கல் வாய்பாட்டைக் கொண்டு எழுத்தில் விளையாடிய அந்தப் பழைய புலமை மரபிலிருந்துதான் இப்பெயர்கள் கிளைத்தன எனக் கொள்வதே பொருத்தம். சட்டம் வற்புறுத்தியதால் படிப்பறியாத உழவர்கள் அவசரத்தில் கட்டிய வேடிக்கைப் பெயர்கள் என்று இவற்றை ஒதுக்கும் பொதுக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

அக்கருத்துக்கு அடிப்படையான வரலாறும் திருத்தம் வேண்டி நிற்பதே. தொக்குகாவா ஆட்சியில் பொதுமக்கள் குடும்பப்பெயரை வெளிப்படையாக வழங்குவதும் வாள் தரிப்பதும் விலக்கப்பட்டிருந்தன. அவ்வாட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1870இல் அந்த விலக்கை நீக்கியது. மக்கள் ஆர்வம் காட்டாததாலும், கட்டாயப் படைச்சேவைக்கு ஆட்களை அடையாளம் காணப் படைத்துறை வேண்டியதாலும், 1875 பிப்ரவரி 13 அன்று குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. இதிலிருந்து, அதற்கு முன்பு உழவர்க்கும் வணிகர்க்கும் பெயரே இருந்ததில்லை என்ற முடிவு நெடுங்காலம் வழங்கியது. ஹொரா தொமியோ 1952இல் எழுதிய கட்டுரையும், பின்னர் தொயோதா தக்கேஷி எழுதிய குடும்பப்பெயர் வரலாறும் அம்முடிவை அசைத்தன. கோயில் நன்கொடைப் பட்டியல் போன்ற அரசு சாராத ஆவணங்களில் உழவர்கள் தம் குடும்பப்பெயரோடு பொறிக்கப்பட்டிருப்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. பெயர் இருந்தது, அரசின் கண்முன் அதைச் சொல்லும் உரிமைதான் இல்லை.

ஆயினும் அரிய பெயர் என்று அச்சில் வருவதை எல்லாம் நம்பிவிடுவது ஆய்வாகாது. ஒன்பது என்ற ஒரே எழுத்தை எழுதி, ‘ஓரெழுத்தில் ஒன்பது’ என்று பிரித்து இச்சிஜிக்கு எனப் படிக்கும் பெயரைச் சில அகராதிகள் தருகின்றன. இச்சிஜிக்கு என்றால் அத்தி என்பதால் விளையாட்டு மேலும் சுவை கூடுகிறது. சுவை மிகுந்த இடத்தில்தான் ஐயமும் மிக வேண்டும். அகராதிகளில் மட்டும் வாழ்ந்து, தாங்குவோர் ஒருவரும் அகப்படாத பெயர்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘பேய்ப்பெயர்கள்’ என்கின்றனர். ஒரு நூலில் நேர்ந்த எழுத்துப்பிழையோ கற்பனையோ அடுத்த நூலுக்குச் சான்றாகி, அதற்கடுத்த நூலில் உண்மையாகிவிடுவதே அவற்றின் பிறப்பு. பெயரின் கதையைக் கேட்பதற்கு முன் பெயருடையவரைக் காணவேண்டும் என்பதே இத்துறையின் முதல் ஒழுங்காக அமைய வேண்டும்.

காண்பதுதான் கடினமாகி வருகிறது. கோசெக்கி எனப்படும் குடும்பப் பதிவேடு ஜப்பானியர் ஒவ்வொருவரின் குடும்பப்பெயரையும் தாங்கியிருப்பினும், ஆய்வாளருக்கு அது மூடிய பெட்டி. 1872இல் தொகுக்கப்பட்ட முதல் நாடளாவிய பதிவேட்டைப் புரட்டி, ஒடுக்கப்பட்ட குடியினரின் வழித்தோன்றல்களை அடையாளம் கண்டு திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கிய கொடுமை நிகழ்ந்ததால், அது 1968இல் முத்திரையிடப்பட்டது. பிற பதிவேடுகளை யாரும் பார்வையிடலாம் என்ற விதியும் 1976இல் நீக்கப்பட்டது. இவ்விரண்டும் நேர்மையான முடிவுகள் என்பதில் ஐயமில்லை. அறிவின் பெயரால் அப்பதிவேடுகளைத் திறக்கக் கோருவது இத்துறைக்கு அழகன்று. எஞ்சியிருந்த பொதுச்சான்று தொலைபேசி நூல். வீட்டு எண்களைத் தந்த அந்நூலின் கடைசிப் பதிப்புகளும் 2021 அக்டோபருக்குப் பின் வெளியாகி முடிந்துவிட்டன. ஆகவே அரிய பெயர் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று துல்லியமாகத் தரப்படும் எண் எதையும், அது எந்த நூலின் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்தது என்று கேளாமல் ஏற்பதற்கில்லை.

துல்லியமான எண் இல்லாவிடினும், தேய்வின் போக்கைக் கணிக்க இயலும். 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன், குடும்பப்பெயர்கள் அழிவது ஏன் என்பதைக் கணக்கு வினாவாக எழுப்ப, அடுத்த ஆண்டு ஹென்றி வாட்சனுடன் சேர்ந்து விடையும் வெளியிட்டார். பெயர் தந்தைவழியில் மட்டும் இறங்குமாயின், ஆணொருவருக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மிகாமல் இருக்கும் நாட்டில், ஒவ்வொரு பெயரும் என்றேனும் அணைந்தே தீரும் என்பதே இன்று அக்கணக்கின் நிறுவப்பட்ட முடிவு. ஜப்பானியக் குடியியல் சட்டத்தின் 750ஆம் பிரிவு, மணந்தவர் இருவரும் ஒரே குடும்பப்பெயரை ஏற்க வேண்டும் என்கிறது. யாருடைய பெயர் என்பது அவர்கள் விருப்பம். நடைமுறையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கணவன் பெயரே நிலைக்கிறது. 2023இல் ஒரு பெண்ணுக்கு 1.20 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு வீதம் இறங்கியது. அந்த வீதம் தொடருமாயின், இருபது ஆண்கள் தாங்கும் ஒரு பெயரை அடுத்த தலைமுறையில் பன்னிரண்டு பேரும், அதற்கடுத்ததில் ஏழு பேரும், அதற்கும் அடுத்ததில் நான்கு பேரும் தாங்குவர். முற்காலத்தில் மகனில்லாத வீடு மருமகனையே தத்தெடுத்துத் தன் பெயரைச் சூட்டிக் காத்துக்கொண்டது; இன்று அவ்வழக்கமும் குறைந்துவிட்டது.

தொஹொக்கு பல்கலைக்கழகப் பொருளியலாளர் யோஷிதா ஹிரோஷி 2024இல் வெளியிட்ட கணிப்பு, இச்சட்டம் மாறாவிடில் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ ஆகிவிடுவர் என்று கூறியது. ஓராண்டு வளர்ச்சியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு நீட்டிய கணக்கு என்பதால் அதை முன்னறிவிப்பாகக் கொள்ளலாகாது. ஆனால் அது சுட்டும் திசை சரியானது. மணமக்கள் விரும்பினால் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனைக் குழு 1996இலேயே பரிந்துரைத்தது. உச்சநீதிமன்றம் 2015இலும் 2021இலும் இப்போதைய பிரிவு அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்குகளின் மையம் பெண்களின் உரிமை. அரிய பெயர்களின் காப்பு அதற்குத் துணைப்பயனாக வரக்கூடியது மட்டுமே. அவ்வரிசையை மாற்றி வைப்பது அறமாகாது.

இதற்கிடையே சித்திரக்கதைகள் இப்பெயர்களுக்குப் புதுவாழ்வு தந்துள்ளன. ‘டீமன் ஸ்லேயர்’ கதையில் வரும் ட்சுயுரி என்ற பெயர் ‘கஷ்கொட்டைப் பூ உதிர்தல்’ என்று எழுதப்படுவது. அப்பூ உதிரும் காலமே ட்சுயு எனப்படும் மழைப்பருவத்தின் தொடக்கம். அப்பெயருக்குரிய ஊற்று என ஒரு தொன்மக்கதை வழங்கும் இடம் கோபே நகரின் வடபகுதியில் உள்ளது. கதை வழியாகப் பல கோடிப் பேர் பெயரை அறிந்தாலும், தாங்குவோர் எண்ணிக்கையில் ஒன்றும் கூடுவதில்லை.

இக்கருத்தரங்கு கூர்ந்து நோக்க வேண்டிய மாற்றம் மிக அண்மையில் நிகழ்ந்தது. குடும்பப் பதிவேடு பெயரின் எழுத்தை மட்டுமே பதிந்துவந்தது. ஓசைக்கு அதில் இடமில்லை. நான்கு, மாதம், ஒன்று, நாள் என்ற எழுத்துகள் பதிவேட்டில் இருந்தன. பஞ்சை நீக்குதல் என்ற பொருள் அவ்வீட்டாரின் வாயிலும், அவர்களை அறிந்தவர் செவியிலும் இருந்தது. 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஒவ்வொரு பெயரின் ஒலிப்பையும் பதிவேட்டில் சேர்க்கச் செய்தது. உள்ளாட்சி அலுவலகங்கள் குடிமக்களுக்கு அஞ்சலட்டை அனுப்பி, பதியவுள்ள ஒலிப்பைத் தெரிவித்தன. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிழை கண்டவர் திருத்தம் தரலாம், இன்றேல் தெரிவித்தபடியே பதியப்படும் என்பது ஏற்பாடு. ஒலிப்பு பொதுவாக ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. அவ்வாறல்லாத ஒலிப்பை ஏற்கெனவே வழங்கிவருவோர் கடவுச்சீட்டு போன்ற ஆவணத்தால் அதை மெய்ப்பிக்கலாம். ஒரே எழுத்துவடிவை ஓர் ஊரில் ஒருவிதமாகவும் மற்றோர் ஊரில் வேறுவிதமாகவும் ஒலித்துவந்த குடும்பங்களுக்கு இந்த அட்டை எதைச் சொன்னது, அவர்கள் எதைத் திருத்தினர், எந்த ஒலிப்பு திருத்தப்படாமல் பிழையோடு நிலைத்தது என்பவற்றை, அவர்கள் விரும்பிச் சொல்லும் அளவில் வீடு வீடாகக் கேட்டுத் தொகுப்பதே இன்று முதல் அமர்வின் முன் வைக்கப்படும் வேலைத்திட்டமாகும்.