21 எழுத்துப் பெயர்



இந்த நூலகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, பேஸ்பாலைப் பத்திப் பேசப்போறியாமே, அதை நம்ம ஊர்ல யாரு ஆடுறா?" என்றார். நியாயமான கேள்வி. ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, ஆட்டத்தைக் கொஞ்சமாகவும் ஆளை நிறையவும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

பேஸ்பால் என்றால் பேப் ரூத் என்பார்கள், லூ கெரிக் என்பார்கள், டை காப் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மாலைப்பொழுது வேண்டும். இன்றைக்கு ஒரே ஒருவர், ரொபேர்த்தோ கிளெமெந்தே. நம் பத்திரிகைகளில் ராபர்ட்டோ என்று எழுதுவோம். ஸ்பானிய மொழியில் அது நாக்கு பல்லைத் தொட்டுச் சொல்லும் 'த'. அமெரிக்கருக்கு வராது, நமக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆகவே இந்த மேடையிலாவது அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வோம். ஏன் இந்தப் பிடிவாதம் என்பது போகப்போகத் தெரியும்.

1934 ஆகஸ்ட் 18. கரீபியன் கடலில் புவெர்த்தோ ரீக்கோ என்ற தீவு, அதில் கரோலினா என்ற ஊர், சுற்றிலும் கரும்பு. அப்பா மெல்ச்சோர் கிளெமெந்தே கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. அம்மா லூயிசா வாக்கர். வீட்டின் கடைக்குட்டி ரொபேர்த்தோ. தீவு அமெரிக்காவின் கையில் இருக்கிறது, பேசும் மொழி ஸ்பானியம், உடம்பின் நிறம் கருப்பு. இந்த மூன்றையும் சுமந்துகொண்டு ஒருவன் அமெரிக்காவில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

பெயர் விஷயத்தில் ஸ்பானிய வழக்கம் ஒன்று உண்டு. தன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் குடும்பப் பெயர், அதற்கும் பின்னால் அம்மாவின் குடும்பப் பெயர். ஆக, முழுப்பெயர் ரொபேர்த்தோ கிளெமெந்தே வாக்கர். நாம் இனிஷியல் போட்டு அப்பாவை மட்டும் முன்னால் நிறுத்துகிறோம். அவர்கள் அம்மாவையும் கூடவே அழைத்து வருகிறார்கள். இதை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவிழ்க்கலாம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய லீகுகளில் கருப்பினத்தவர் ஆட முடியாது. எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகளுக்குள் ஒரு வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். ஜோஷ் கிப்சன் என்ற மகா ஆட்டக்காரர் கருப்பினத்தவருக்கான தனி லீகிலேயே ஆடி, 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு மைதானத்தில் இறங்க, கதவு திறந்தது. கிப்சன் அடித்த அடியெல்லாம் பெரிய லீகுகளின் கணக்கேட்டில் ஏறியது 2024இல். ஏறிய அன்றே பேட்டிங் சராசரியில் டை காப்பைக் கீழே இறக்கிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தார். ஆள் செத்து 77 வருடம்.

இப்படிக் கதவடைக்கப்பட்டவர்கள் குளிர்காலத்தில் பிழைப்புக்காகப் புவெர்த்தோ ரீக்கோ வந்து ஆடுவார்கள். அவர்களில் மான்டி இர்வின் என்பவர்தான் சிறுவன் ரொபேர்த்தோவுக்குத் தெய்வம். அவருடைய பையை வாங்கிச் சுமந்துகொண்டு மைதானத்துக்குள் போய்விடுவான். பள்ளியில் ஈட்டி எறிவான். அந்தத் தோளை மறக்காதீர்கள்.

1954இல் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, கனடாவில் மான்ட்ரியால் அணிக்கு அனுப்பி, அங்கே பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 4,000 டாலருக்கு அவரைத் தட்டிக்கொண்டு போனது. 18 ஆண்டு அதே அணி. இப்படி ஒரு பேரம் அந்த ஊருக்கு மறுபடி வாய்த்திருக்காது.

வசந்தகாலப் பயிற்சி ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊரில். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கு ஓட்டல் அறை. கிளெமெந்தேவுக்குக் கருப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கல். வழியில் சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றால் வெள்ளைக்காரர்கள் இறங்கிப் போவார்கள், கருப்பின ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கூட ஆடுகிறவர்கள் கடையிலிருந்து எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று தன் தோழர்களிடம் சொன்னார் கிளெமெந்தே. பசி இல்லாமலா? கை நீட்டி வாங்கும் பசியை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு நிர்வாகத்தோடு சண்டை போட்டு, இவர்களுக்குத் தனியாக ஒரு கார் வாங்கினார்.

இப்போது பெயருக்கு வருகிறேன். டாப்ஸ் என்று ஒரு கம்பெனி; அந்நாளில் சூயிங்கம் பொட்டலத்தோடு ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டை கொடுத்துவந்தது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் அட்டை சேர்த்தார்களே, அதே பைத்தியம். 1955இல் வந்த அட்டையில் ரொபேர்த்தோ கிளெமெந்தே என்று ஒழுங்காக இருக்கிறது. 1957இல் பார்த்தால் 'பாப் கிளெமெந்தே'. பாப்! இவர் என் பெயர் பாப் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவர்கள் பாப் என்று அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1969 வரை பாப்தான். 1970இல்தான் ரொபேர்த்தோ திரும்பி வந்தார்.

பேச்சையும் விடவில்லை. 1961இல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்தவர் இவர். மறுநாள் பத்திரிகைகளில் இவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு எப்படி இருந்ததோ அப்படியே கொச்சையாக எழுத்துக்கூட்டிப் போட்டார்கள். படிக்கிறவன் சிரிக்க வேண்டும். நாம் மட்டும் யோக்கியமா? நம் சினிமாவில் எத்தனை சேட்டு வேடங்களின் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு மறுபக்கத்தில் எப்படி விழும் என்று எனக்கு உறைத்தது கிளெமெந்தேவைப் படித்தபோதுதான்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. கோபக்காரர். அங்கே வலி, இங்கே வலி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். நோய்க் கற்பனைக்காரர் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1954 டிசம்பரில் சாகக் கிடந்த அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, குடித்துவிட்டு ஓட்டியவனின் கார் இவர் காரில் மோதி முதுகெலும்பு அடிபட்டது. அந்த வலி போகவே இல்லை. அவருடைய பழைய படத்துண்டு கிடைத்தால் பாருங்கள். மட்டையோடு நடந்து வருவார், நிற்பார், கழுத்தை இடமும் வலமும் சுழற்றிச் சொடுக்குவார், தோளை உருட்டுவார், அப்புறம்தான் காலை ஊன்றுவார். அரங்கமே காத்திருக்கும். பிட்ஸ்பர்க் பையன்கள் தெருவில் ஆடும்போது அந்தக் கழுத்துச் சுழற்றலையும் சேர்த்தே ஆடினார்கள்.

ஐயாவுக்காக ஆட்டம் இரண்டே வரி. எறிந்த பந்தை அடித்துவிட்டு ஓடி, பந்து வந்து சேர்வதற்குள் முதல் பேஸைத் தொட்டால் அது ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தால் கெட்டிக்காரன். கிளெமெந்தேவின் வாழ்நாள் சராசரி .317, அதாவது பத்துக்கு மூன்றுக்கும் மேல். நான்கு முறை லீகிலேயே முதல் பேட்டர். ஃபீல்டிங்குக்கு 12 கோல்டு க்ளவ் விருது. வலது பக்கத்துக் கோடிச் சுவரிலிருந்து மூன்றாவது பேஸுக்கு நேராக எறிவார். ஈட்டி எறிந்த தோள் அல்லவா?

1971 உலகத் தொடர், பெரிய லீகுகளின் இறுதி மோதல். வயது 37. எதிரில் பால்டிமோர் ஓரியோல்ஸ். ஏழு ஆட்டத்திலும் ஹிட், சராசரி .414. கடைசி ஆட்டத்தில் ஹோம் ரன். பைரேட்ஸ் 2-1 என்று வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் கிளெமெந்தே. உடைமாற்றும் அறையில் டெலிவிஷன் மைக்கை நீட்டுகிறார்கள். நாடே பார்க்கிறது. முதலில் என் அப்பா அம்மாவிடம் ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்றார். பிள்ளைகளுக்குத் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு, தன்னை ஆசீர்வதிக்கும்படி பெற்றவர்களைக் கேட்டார். அந்தத் தீவில் பெரியவர்களைப் பார்த்ததும் ஆசி கேட்பது அன்றாட வழக்கம். காலில் விழுந்து கும்பிட்டு வளர்ந்த நமக்கு அதற்கு உரை தேவையில்லை. பாப் என்று கூப்பிட்ட நாட்டுக்கு, அன்றைக்கு அவர் சொன்னது புரியவேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்த ஆண்டு, 1972 செப்டம்பர் கடைசி. மொத்தம் 2,999 ஹிட். 29ஆம் தேதி ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார், பந்து ஃபீல்டரின் கையுறையில் பட்டுச் சிதறுகிறது. பலகையில் ஹிட் என்று விழுந்தது, கூட்டம் எழுந்தது. பிறகு, இல்லை, ஃபீல்டரின் தவறு என்று கணக்கெழுதுபவர் மாற்றிவிட்டார். நம் கிரிக்கெட்டில் பை ரன் பேட்ஸ்மேன் கணக்கில் சேராதில்லையா, அதுபோல. கிளெமெந்தேவுக்குக் கோபமான கோபம். மறுநாள் நியூயார்க் மெட்ஸின் ஜான் மாட்லாக் எறிந்த பந்தை அடித்து இரண்டாவது பேஸில் போய் நின்றார். 3,000. அதுவரை அந்த எண்ணைத் தொட்டவர்கள் பத்தே பேர், இவர் பதினொன்றாவது. லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கடைசி ஹிட் அதுதான்.

டிசம்பர் 23 அதிகாலை, நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் நிலநடுக்கம். சில வாரங்களுக்கு முன்புதான் புவெர்த்தோ ரீக்கோவின் அமெச்சூர் அணிக்கு மேலாளராக அந்த ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். தெருக்களும் முகங்களும் கண்ணுக்குள் நிற்கின்றன. சான் ஹுவானில் நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்றார்; கிறிஸ்துமஸ் போனது தெரியவில்லை. அனுப்பிய பொருளை நிகராகுவாவை ஆண்ட சோமோசாவின் படையினர் மடக்கிக்கொள்கிறார்கள் என்று தகவல் வந்தது. தானே கூடப் போனால் கைவைக்கத் துணியமாட்டார்கள் என்று நினைத்தார். கிடைத்தது ஒரு பழைய டி.சி.-7 சரக்கு விமானம். ஏற்றக்கூடியதைவிட 4,000 பவுண்டுக்கு மேல் அதிக பாரம். டிசம்பர் 31 இரவு, ஊரெல்லாம் புத்தாண்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மேலே எழும்பியது. சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. உள்ளே ஐந்து பேர். கிளெமெந்தேவுக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. அஞ்சலிக் கூட்டத்துக்கு அணித்தோழர்கள் எல்லோரும் வந்தார்கள், மானி சங்கியேன் தவிர. அவர் முக்குளிப்பவர்களோடு கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற, ஆடி முடித்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தள்ளிவைத்து, 1973லேயே தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 424 பேரில் 393 பேர் சரி என்றார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த மண்டபத்துக்குள் போன முதல் ஆட்டக்காரர் இவர். ஆகஸ்டில் நடந்த விழாவில் மனைவி வேரா வந்து ஏற்றுக்கொண்டார். அதே நாளில் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட இன்னொருவர் யார் தெரியுமா? பையைச் சுமக்கக் கொடுத்தாரே, அந்த மான்டி இர்வின்.

அவருடைய சட்டை எண் 21. முழுப்பெயரை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்து, 21 வந்ததால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கினார் என்பார்கள். எண்ணிப் பாருங்கள், வரும். ஆனால் 1973இல் மண்டபத்தில் மாட்டிய வெண்கலத் தகட்டில் ரொபேர்த்தோ வாக்கர் கிளெமெந்தே என்று பொறித்துவிட்டார்கள். அம்மாவின் குடும்பப் பெயரை ஏதோ நடுப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். எழுத்து 21தான், வரிசைதான் பிசகு. உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பார். 27 ஆண்டு அப்படியே தொங்கியது. 2000ஆம் ஆண்டில் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு, அப்பாவை அப்பா இடத்திலும் அம்மாவை அம்மா இடத்திலும் வைத்து, ரொபேர்த்தோ கிளெமெந்தே வாக்கர் என்று புதுத் தகடு வார்த்து மாட்டினார்கள்.