கூடி வாசித்தலும் கணக்கொப்புவித்தலும்



காலையில் ஒரு சங்கீதம், இரவிற் சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம் என்று முறை தவறாது வேதாகமத்தை வாசிக்கும் கிறிஸ்தவ வீடுகள் நம் நாட்டிற் பல உண்டு. அவ்வாறு இருபது ஆண்டுகள் வாசித்த ஒருவரை நோக்கி, 'ஐயா, இந்த வாசிப்பினால் உங்களிடத்தில் மாறியது யாது?' என்று எவரேனும் கேட்டதுண்டா? கேட்பது மரியாதையன்று என எண்ணுகிறோம். ஒருவருடைய சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். மகளுக்குக் கலியாணம் எப்பொழுது என்றும் கேட்போம். அவருடைய ஆத்துமத்தின் நிலையை மட்டும் கேட்கமாட்டோம். அந்தக் கேள்வியைக் கேட்கவும் அதற்கு விடை சொல்லவும் எளிய மக்கள் துணிந்த வரலாறு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

கூடி வாசித்தல் தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். சூழ இருப்போர் கேட்பர். கிறிஸ்தவ வேதத்திலும் இத்தகைய காட்சி ஒன்று வருகின்றது. அப்போஸ்தலர் நடபடிகளின் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்திலமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை உரக்க வாசித்துச் செல்கிறார். பிலிப்பு ஓடிச் சென்று, வாசிப்பது விளங்குகின்றதா என்று வினவுகிறார். வழிகாட்டுவார் இல்லாதபோது எவ்வாறு விளங்கும் என்று மந்திரி சொல்லி, பிலிப்பைத் தம் அருகில் ஏற்றிக்கொள்கிறார்.

'விளங்குகின்றதா?' என்பது முதலாவது கேள்வி. அதைக் கேட்பதற்குக் கற்றவர் ஒருவர் வேண்டும். 'விளங்கியபடி நடந்தீரா?' என்பது இரண்டாவது கேள்வி. அதைக் கேட்பதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அதே கேள்விக்குத் தானும் விடை சொல்ல ஆயத்தமாயுள்ள ஒருவர் போதும். பெரும்பாலான சபைகளில் முதலாவது கேள்விக்கு இடம் உண்டு. பிரசங்கமும் வேதபாட வகுப்பும் அதற்காகவே உள்ளன. இரண்டாவது கேள்விக்கு இடம் அமைத்தவர்களுள் முக்கியமானவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோன் வெஸ்லி.

1729ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் நால்வர் கூடி வாசிக்கத் தொடங்கினர். ஜோன் வெஸ்லி, அவர் தம்பி சாள்ஸ், வில்லியம் மோர்கன், றொபேட் கேர்க்கம் என்போர் அந்நால்வர். அவர்கள் முக்கியமாக வாசித்தது கிரேக்க மொழியிலுள்ள புதிய ஏற்பாடு. நாட்பொழுதை எவ்வாறு செலவிட்டோம் என்று தம்மைத் தாமே சோதித்துக் குறித்தும் வைத்தனர். ஏனைய மாணவர் நகைத்து, 'பரிசுத்தர் சங்கம்' என்றும், 'வேதத்தை அரிக்கும் பூச்சிகள்' என்றும், எதற்கும் முறை வைத்து நடப்பதால் 'மெதடிஸ்தர்' என்றும் பெயர் சூட்டினர். பரிகாசமாக வைத்த அந்தக் கடைசிப் பெயரே பின்னர் ஒரு பெரிய சபையின் பெயராயிற்று. அவர்களுடைய வாசிப்பு அறையினுள் அடைபட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மோர்கனின் தூண்டுதலால் 1730ஆம் ஆண்டில் அவர்கள் ஒக்ஸ்போட் கோட்டைச் சிறைக்குச் சென்று கைதிகளையும் கடனாளிகளையும் காணத் தொடங்கினர்.

ஆயினும் இத்துணை ஒழுங்கும் வெஸ்லிக்கு மனச்சமாதானத்தைத் தரவில்லை. 1735ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜோர்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1738ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனமுடைந்தவராய் மீண்டார். அவ்வாண்டு மே மாதம் 24ஆம் நாள் மாலை, லண்டன் நகரின் ஒல்டேர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலே சென்றார். அங்கே ஒருவர், உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் வரைந்த முன்னுரையை வாசித்துக் கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில், தம்முடைய உள்ளம் புதுமையாக அனல்கொண்டதை வெஸ்லி உணர்ந்தார். அன்று வாசித்தவர் இன்னார் என்று அவர் தமது நாட்குறிப்பிற் பெயர் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து, மூல மொழியிற் புதிய ஏற்பாட்டைக் கற்ற ஒருவருக்கு, பெயர் குறிக்கப்படாத ஒருவரின் வாசிப்பின் நடுவே விசுவாசம் உயிர்பெற்றது. தனி வாசிப்பே போதும் என்பாருக்கு இந்நிகழ்ச்சி சிந்திக்கத் தகுந்தது.

அதே ஆண்டில், லண்டனிலுள்ள பெற்றர் லேன் என்னுமிடத்தில் ஒரு சங்கம் அமைந்திருந்தது. மொறேவிய சபையாரின் வழக்கத்தைப் பின்பற்றி, அதில் ஐந்து பேருக்குக் குறையாமலும் பத்துப் பேருக்கு மேற்படாமலும் சிறு குழுக்கள் வகுக்கப்பட்டன. இத்தகைய குழுக்களுக்கென அவ்வாண்டு திசம்பர் 25ஆம் நாள் வெஸ்லி விதிகள் எழுதினார். வாரம் ஒரு முறையேனும் கூடவேண்டும். குறித்த நேரத்துக்கு வரவேண்டும். ஒவ்வொருவரும் தம் ஆத்துமத்தின் மெய்யான நிலையை மறையாது சொல்லவேண்டும். கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம், எதிர்ப்பட்ட சோதனை, அதனின்றும் தப்பிய விதம், பாவமோ அன்றோ என ஐயம் எழுந்த எண்ணமும் சொல்லும் செயலும் ஆகிய இவையெல்லாம் கேட்கப்பட்டன. கூட்டத்திற் சேர விரும்புவோரிடம், உம்முடைய குற்றத்தைப் பிறர் எடுத்துச் சொல்வதை விரும்புகிறீரா என்று முன்னதாகவே கேட்டனர். இவ்விதிகளில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று: கூட்டத்திலுள்ள ஒருவர் முதலில் தம் நிலையைச் சொல்லவேண்டும், அதன் பின்னரே அவர் மற்றவர்களைக் கேட்கலாம். கேட்பவன் உயரத்தில் இருந்து கேட்டால் அது விசாரணை. தன் குறையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அது நட்பு. இடித்துரைக்கும் நட்பைப் பற்றி வள்ளுவர் கூறியிருப்பதை நேயர்கள் அறிவீர்கள்.

உண்மையைச் சொன்னால், இக்குழுக்களின் கேள்விகள் பெரும்பாலார்க்குத் தாங்க முடியாதவை. எல்லாரும் அவற்றிற் சேரவுமில்லை. எல்லாருக்கும் ஏற்ற முறை வேறொரு வழியால் வந்தது. அது வந்த விதம் வேடிக்கையானது. பக்தியினால் வந்ததன்று; கடனால் வந்தது.

பிறிஸ்டல் நகரில் 1739ஆம் ஆண்டில் வெஸ்லி ஒரு கூட்ட மண்டபம் கட்டினார். அதன் கடன் தீரவில்லை. 1742ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் அதைத் தீர்க்க வழி தேடிக் கூடினார்கள். கப்டன் பொய் என்பவர் எழுந்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். வறியவர் பலர் உளரே, அவர்கள் எங்ஙனம் கொடுப்பர் என்று ஒருவர் தடை சொன்னார். அதற்குக் கப்டன், மிக வறியோர் பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள்; அவர்கள் கொடுத்தால் வாங்குவேன், கொடாவிட்டால் அவர்களுக்காகவும் நானே கொடுப்பேன்; நீங்களும் ஒவ்வொருவர் பதினொருவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படச் சொன்னார். அவ்வாறே பன்னிருவர் கொண்ட பிரிவுகள் அமைந்தன. அவற்றுக்கு வகுப்பு என்று பெயர்.

பென்னி வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், பென்னியை மட்டும் காணவில்லை. இன்னார் நடக்கவேண்டியவாறு நடக்கவில்லை என்பதையும் கண்டார்கள். வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். நெடுநாளாக நாம் தேடியது இதுவன்றோ என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் தம் பதினொருவரையும் வாரந்தோறும் கண்டு, அவர்களுடைய ஆத்தும நிலையை விசாரித்து, புத்தியும் தேறுதலும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

ஆனால் வீடு தேடிச் செல்வது எளிதன்று. தலைவர்களும் உழைத்து உண்பவர்களே. அவர்களுக்கு நேரம் போதவில்லை. பலர் எசமானரின் வீடுகளில் வேலை செய்து வாழ்ந்தனர். எசமானர் இத்தகைய வருகையை விரும்பவில்லை. பிறர் முன்னிலையில் மனம் திறந்து பேசவும் இயலவில்லை. மேலும், ஒருவர் ஆம் என்றதை மற்றொருவர் இல்லை என்றார். இருவரையும் நேரே வைத்துக் கேட்டாலன்றி உண்மை தெளியாது. ஆகவே பன்னிருவரும் ஓரிடத்திற் கூடுவது வழக்கமாயிற்று. வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இது. கைத்தொழில் செய்வோரும் கடை வைத்திருப்போரும் தலைவராயினர். பெண்களும் தலைமை வகித்தனர். குருப்பட்டம் பெறாத ஒரு பெண்மணி, பன்னிருவரின் ஆன்ம நலத்துக்குப் பொறுப்பாளியாகி, வாரந்தோறும் பெயர் சொல்லி விசாரித்தது அக்காலத்துக்குச் சிறிய காரியமன்று.

வாசிப்பையும் வெஸ்லி கைவிடவில்லை. 1743ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது விதிகளில், தீமை செய்யாதிருத்தல், நன்மை செய்தல் என்பவற்றோடு, வேதத்தை ஆராய்தல் உள்ளிட்ட பக்தி ஒழுக்கங்களையும் கட்டாயமாக்கினார். 1749 முதல் 1755 வரையில் 'கிறிஸ்தவ நூலகம்' என்ற பெயரில் ஐம்பது தொகுதிகளை வெளியிட்டார். 1755இல் வந்த அவரது புதிய ஏற்பாட்டுக் குறிப்புகள், தாய்மொழி மட்டுமே அறிந்த எளியோருக்கென எழுதப்பட்டவை. தம் பிரசங்கிமாருள் எவரேனும் வாசிப்பில் விருப்பமில்லை என்று சொன்னால், விருப்பத்தை வருவித்துக்கொள் அல்லது உன் பழைய தொழிலுக்குத் திரும்பு என்ற பொருள்பட அவர் விடை கூறியிருக்கிறார். கொஞ்சம் கடுமைதான்.

இது உரோமச் சபையின் பாவசங்கீர்த்தனத்தை மறைவழியாகப் புகுத்துவதன்றோ என்று அன்று சிலர் குற்றஞ் சாட்டினர். அங்கே ஒருவர் குருவிடம் தனித்து அறிக்கையிடுகிறார், இங்கே பலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர் என்பது வெஸ்லியின் விடை. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி யாக்கோபு தமது நிருபத்தின் 5ஆம் அதிகாரத்திற் பணித்ததையே அவர் ஆதாரமாகக் கொண்டார். ஆனால் வேறொரு குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. கூட்டத்திற் சொன்னது வெளியே போனால் என்ன செய்வது? நம்முடைய ஊர்களைப் போல எல்லாரும் எல்லாருக்கும் உறவினராயுள்ள இடத்தில் இந்த அச்சம் வீண் அச்சமன்று. காலையிற் சொன்னது மாலையிற் கிணற்றடியில் நிற்கும்.

இதற்கு ஒரு மருந்து, வெஸ்லியின் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் ஜேர்மனியிற் கைக்கொள்ளப்பட்டது. ஹிற்லரின் ஆட்சிக்குப் பணியாத சபையாருக்காக 1935ஆம் ஆண்டில் தீத்திரிக் போன்கொபர் பிங்கன்வால்டே என்னும் ஊரில் ஒரு குருமடம் நடத்தினார். மாணவர் ஒரே வேதபகுதியை ஒரு வாரம் முழுவதும் தியானித்தனர். அங்கே இருந்த முக்கிய விதி, ஒரு சகோதரனைப் பற்றி அவன் இல்லாத இடத்திற் பேசலாகாது என்பது. தவறிப் பேசிவிட்டால், பேசினவனே சென்று அவனிடம் அதைச் சொல்லவேண்டும். 1937ஆம் ஆண்டிற் காவற்படையினர் அக்குருமடத்தை மூடினர். 1939இல் வெளிவந்த 'ஒருமித்து வாழ்தல்' என்ற நூலில் அவ்வாழ்க்கையின் அனுபவத்தை அவர் எழுதி வைத்தார்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1814ஆம் ஆண்டு யூன் 29ஆம் நாள் மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களை அழைத்து வந்த தோமஸ் கோக் என்பவர் மே மாதம் 3ஆம் நாள் நடுக்கடலிற் காலமாகி, கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கும், ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றனர். ஓல்ற் மட்டக்களப்பில் ஓராண்டு நிறையுமுன்னரே, 1815இல் இறந்தார். வகுப்புக் கூட்டமும் இச்சபையோடு கடல் கடந்த வழக்கமே.

அவ்வழக்கம் தாய்நாட்டிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெலிந்தது. காலஞ் செல்லச் செல்லக் கேள்வி சடங்காயிற்று, விடையும் மனப்பாடமாயிற்று. தலைவர் கேட்பார்; இறைவன் கிருபையால் நலமாயிருக்கிறேன் என்பர்; அடுத்தவரிடம் போய்விடுவார். பென்னி மட்டும் ஒழுங்காக வந்தது. கேட்பவர் தாம் முதலிற் சொல்லும் வழக்கத்தை விட்டதே இந்த வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். மற்றக் காரணங்களும் உண்டு. அவை சபை வரலாற்றாசிரியருக்குரியவை.

மறுபடியும் இதைத் தொடங்க விரும்புவோருக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. மூவர் அல்லது நால்வர் போதும். பன்னிருவரைத் தேடிக்கொண்டிருந்தால் தொடங்கவே முடியாது. மாற்குவின் சுவிசேஷத்திற் பதினாறு அதிகாரங்கள் உள்ளன. வாரம் ஒன்றாக வாசித்தால் நான்கு மாதத்தில் முடியும். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். விளங்காததைக் கேட்டுத் தெளியட்டும். பின்னர், சென்ற வாரம் வாசித்ததில் எதைச் செய்தோம், எதைச் செய்யாது விட்டோம் என்பதைச் சொல்லட்டும். மறைத்து வைக்க விரும்புவோரை வற்புறுத்த வேண்டாம். கேட்ட எதையும் வீட்டாரிடத்திலும் சொல்ல வேண்டாம். முதல் வாரம் மற்றவர்களைக் கூட்டி வைத்தவரே முதலிற் பேசட்டும்.