டீசல் எஞ்சின்: சாமான் ஏன் உடைஞ்சது என்று கேட்போம்

எமது சனிக்கிழமைச் சந்திப்பில் தன்னார்வத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தேத்தண்ணி கிடைக்காத ஆக்கள் பின்னுக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ.

போன கிழமை படிவம் நிரப்பும்போது ஒரு தம்பி சொன்னார்: "ரீச்சர், நேர்முகத்தில எல்லாத்தையும் கேட்டவை. நான் 15 வருசம் டீசல் மெக்கானிக்காய் இருந்தனான் எண்டதை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை." அவர் சொன்னது எனக்கு ராத்திரி முழுக்க மனதில் நின்றது. அதனால் இன்றைக்கு எஞ்சினைப் பற்றிக் கதைப்பம். நான் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ஆள், மெக்கானிக் இல்லை. ஆனால் என்ர மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கைதான்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்தது உங்களில் மூத்தவைக்கு ஞாபகம் இருக்கும். கொஞ்சம் பெற்றோல் விட்டுக் காரை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான். ஒரு தோட்டக்காரர் தண்ணி இறைக்கிற எஞ்சினை மூன்றாம் முறையாகக் கொண்டு வந்தார். மூன்று முறையும் எரிபொருள் பம்தான் பழுது. இரண்டு முறை சாமான் மாற்றியாச்சு. தடைக்காலத்தில் ஒரு சாமான் தேடி எடுக்கிறது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

மாமா பம்மைத் தொடவில்லை. "நீ எண்ணெய் ஊத்துற கானைக் கொண்டு வா" என்றார். கானைக் கவிழ்த்தால் அடியில் தண்ணியும் துருவும். அது ஒரு காரணம். மற்றது, டீசல் பம்முக்கு வேறாக ஒயில் கிடையாது, அதுக்குள்ளால் ஓடுகிற டீசலின் வழுவழுப்பிலேயே அது உயிர்வாழுது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. இரும்பும் இரும்பும் உரசித் தேயும். மாமா மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலக்கச் சொன்னார். ஒரு இரவு அடைய விட்டு, மேலால் ஊற்றி, துணியில் வடிக்கச் சொன்னார். நாலாம் முறை அந்த மனுசன் வந்தது பம்மோடு இல்லை, ஒரு குலை வாழைப்பழத்தோடு.

இப்ப லண்டனுக்கு வருவம். இஞ்ச எஞ்சின் வேறை, கேள்வி அதேதான். ரர்போவை எடுங்கோ. எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற சுழலி அது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதன் அச்சு மெல்லிய ஒயில் படலத்தில்தான் மிதக்குது. பேஜோ, சிட்ரோயன், ஃபோர்ட் வாகனங்களில் 2000களில் வந்த 1.6 லீட்டர் டீசல் எஞ்சினில் ரர்போ போவது மெக்கானிக்குகளுக்குப் பழகின கதை. புதுசு போடுவினம், கொஞ்ச நாளில் அதுவும் போகும். கடைக்காரன் மோசமான சாமான் தந்திட்டான் என்று சண்டை வரும்.

உண்மையில் நடக்கிறது இது. இஞ்செக்ரருக்குக் கீழே ஒரு செப்பு வாசர் இருக்கு. அது கசிந்தால் எரிந்த வாயு வெளியில் வந்து கரி கட்டும், கரி ஒயிலுக்குள்ளும் போகும். சம்பில் இருக்கிற ஒயில் உறிஞ்சும் வலையை அந்தக் கரி அடைக்கும். ரர்போவுக்கு ஒயில் போகிற குழாயின் போல்ட்டுக்குள் இன்னொரு சின்ன வலை, அதுவும் அடைபடும். ஒயில் இல்லாத அச்சு காய்ந்து எரியும். சில பவுண் பெறுமதியான வாசர், பல நூறு பவுண் ரர்போவைக் கொல்லுது. வாசரை மாற்றி, சம்பைக் கழற்றித் துப்புரவாக்கி, ஒயில் குழாயைப் புதுசாக்கின பிறகுதான் புது ரர்போ. முறை மாறினால் காசு தண்ணியாய்ப் போகும்.

எறிவதற்கு முதல் பழைய சாமானை வடிவாய்ப் பாருங்கோ. அச்சு நீலம் பிடித்திருந்தால் ஒயில் பட்டினி. பேரிங்கில் கீறல் விழுந்திருந்தால் ஒயிலில் அழுக்கு. காற்றடிக்கிற பக்கத்து இதழ் நொருங்கியிருந்தால் வெளியில் இருந்து ஏதோ உள்ளே போயிருக்கு, காற்று பில்ரரைப் பாருங்கோ.

டிபிஎப் என்கிற கரி வடிகட்டி ஊரில் பலருக்குப் புதுசு. அது தனக்குள் சேரும் கரியைத் தானே 600 பாகை அளவு சூட்டில் எரிக்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைக்குப் போய், வீட்டுக்கு வாற ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எரிக்கத் தொடங்கி இடையில் நிப்பாட்டினால், அதற்காகக் கூடுதலாய் விட்ட டீசல் வடிந்து ஒயிலோடு சேரும். ஒயில் குறைந்தால் பயப்படுகிற நாங்கள், கூடினால் சந்தோசப்படக் கூடாது, அது தண்ணியாய்ப் போன ஒயில். சிலர் வடிகட்டியை வெட்டி எடுத்துவிடச் சொல்லுவினம். செய்யாதையுங்கோ. 2014 பெப்ரவரியில் இருந்து எம்ஓரி சோதனையில் அது இருக்குதோ என்று பார்க்கினம், இல்லாவிட்டால் சித்தியில்லை. அகற்றின வாகனத்தை ஓட்டினால் காருக்கு 1,000 பவுண் வரை, வானுக்கு 2,500 வரை தண்டம்.

இனி, நான் உண்மையில் பயப்படுகிற விசயம். உங்கள் கை வேலை தெரிந்தால் யாராவது கூப்பிடுவினம்: "சும்மா வந்து நில்லும், சாப்பாடு தாறம்." எங்களிடம் வருகிற ஒரு அண்ணை அப்படி ஒரு யாட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு, பிறகு நித்திரை இல்லாமல் வந்தார். அனுமதி இல்லாமல் வேலை செய்வது 2016இல் இருந்து குற்றம். உழைத்த காசையும் பறிக்கலாம். சம்பளம் வாங்காமல் தனியார் கராஜில் நின்றாலும் அது தொண்டு ஆகாது, தொண்டு நிறுவனத்திலோ அரச நிறுவனத்திலோ செய்வதுதான் தொண்டு. ஒரு வருசத்துக்கு மேல் முடிவு வராவிட்டால், அது உங்கள் பிழையால் இல்லையென்றால், வேலை அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலையும் செய்ய ஏலாது. பட்டியல் உண்டு, அது மாறும். எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ.

அதுவரைக்கும் ஒரு கொப்பி வாங்குங்கோ. நீங்கள் திருத்தின எஞ்சின்களை எழுதுங்கோ: என்ன உடைஞ்சது, ஏன், எப்படிக் கண்டுபிடிச்சனீங்கள். வகுப்பில் படிக்கிற இங்கிலிசில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கோ. அடிக்காரணத்துக்கு இஞ்ச "ரூட் கோஸ்" என்பினம். நாளைக்கு அனுமதியோடு ஒரு கராஜுக்குப் போய் நிற்கும்போது, உங்களிடம் சொல்லக் கதை இருக்கும்.

அடுத்த சனியும் இதே மண்டபம், 11 மணி. பழைய இஞ்செக்ரர் வைத்திருக்கிற ஆக்கள் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டு வரலாம். ஒயிலோடு கொண்டு வராதையுங்கோ, கம்பளம் தேவாலயத்தின்ர.