பூனையைப் பார்க்கப் போன கதை

ஊர் சுற்றிப் பார்க்க ஏற்றது காரே என்று எதிரணியிலே முழங்கிவிட்டுப் போன சகோதரி, பத்தே நாளில் ஐரோப்பாவில் ஏழு நாடு பார்த்தாராம். என்னம்மா பார்த்தீங்க? பஸ் ஜன்னலைப் பார்த்திருப்பீங்க! (சிரிப்பு). வெனிஸ் பார்த்தேன் என்றார். அந்தப் பழைய நகரத்துக்குள்ளே காரே போகாது அம்மா! படகு, இல்லாவிட்டால் கால். ஆக, அங்கே நீங்கள் எங்கள் அணி!

அவ்வளவு தூரம் எதற்கு? கல்பாக்கத்துக்குப் பக்கத்திலே சதுரங்கப்பட்டினம். 17-ஆம் நூற்றாண்டிலே டச்சுக்காரர்கள் வணிகம் செய்த ஊர். அவர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளே கல்லறைகள், மேலே டச்சு எழுத்து. உங்கள் கார் வாசலோடு நிற்கும். உள்ளே போக என் கால்தான் வேண்டும்.

சரி, என் கதைக்கு வர்றேன். எனக்குச் செங்கல்பட்டு. என் தகப்பனார் சின்ன வயசிலே மாட்டு வண்டியில் மாமல்லபுரம் போனவர். "அங்கே ஒரு பூனை ஒற்றைக்காலில் நிற்கிற முனிவரைப் போலவே கையைத் தூக்கித் தவம் செய்யும்டா, காலடியிலே எலிகள்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் பெருமையாக ஒரு வேன் பிடித்து அவரைக் கூட்டிப் போனேன். அர்ச்சுனன் தபசு முன்னால் இறங்கினோம். ஏறத்தாழ 90 அடி அகலப் பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அது அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். அப்பா பூனையைத் தேடுகிறார். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். "இன்னும் முதலைப் பண்ணை பாக்கி சார்!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்புறம் வந்து பார்க்கலாம்ப்பா." அந்த அப்புறம் வரவே இல்லை. அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார்.

வயதானவர்கள் எப்படி நடப்பார்கள் என்று சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. செங்கல்பட்டிலிருந்து நடந்து வா என்று நானும் சொல்லவில்லை. அதுவரைக்கும் பஸ்தான், ஒத்துக்கிறேன். போன வருஷம் எழுபத்தெட்டு வயது அம்மாவை அப்படித்தான் அழைத்துப் போனேன். தலசயனப் பெருமாள் கோயில் பக்கம் இறங்கி மெல்ல நடந்தோம். உளிச் சத்தம் கேட்டால் நிற்பார். மூட்டு வலித்தால் உட்காருவார். கிருஷ்ண மண்டபத்திலே ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது. மாடு வளர்த்தவர் இல்லையா, அங்கேயே கால் மணி நேரம்! "கன்னை நக்க விட்டுக் கறக்கிறான் பார், தொழில் தெரிஞ்சவன்" என்றார். 1984-லே யுனெஸ்கோ கொடுத்த சான்றிதழை விட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

பக்கத்திலேதான் தபசுப் பாறை. வலப்பக்கம் பெரிய யானை, அதன் தும்பிக்கைக்குக் கிட்டே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது பூனை! கீழே எலிகள். வேனில் வந்த கூட்டம் ஒன்று யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா இத்தனை வருஷமா கதை விடுறாருன்னுல்லடா நினைச்சேன்!"