உசுமாகி: அந்த ஊரை விட்டு கிரியே ஏன் போகல?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். கதையின் கடைசிப் பக்கம் வரை பேசியிருக்கிறோம். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.)

போன ஹாரர் எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே மங்காவைத்தான்: ஜுஞ்சி இட்டோவோட 'உசுமாகி'. கூடவே ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்தச் சுருள் சாபம் எங்கிருந்து வந்துச்சு, கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே? ரெண்டு, கிரியே ஏன் இவ்வளவு மந்தமா இருக்கா, மொத அத்தியாயத்துலயே ஓடியிருக்கலாம்ல? முதல் கேள்விக்குப் புத்தகத்துல பதில் கிடையாது. ரெண்டாவதுக்கு இருக்கு. ஆனா நம்மள்ல பாதிப் பேர் முதல் கேள்வியிலயே நின்னுடறோம்.

தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். இட்டோ 1963ல பிறந்தவர். பல் மருத்துவத்துல செயற்கைப் பல் செஞ்சு தர்ற டெக்னீஷியனா வேலை பார்த்துக்கிட்டே வரைய ஆரம்பிச்சார். 1987ல 'தோமியே' வந்துச்சு. 'உசுமாகி' 1998-99ல பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்ங்கிற வாரப் பத்திரிகையில தொடரா வந்தது. 'உசுமாகி'ன்னா சுருள், சுழல். குரோஉஸுங்கிற கடலோரச் சின்ன ஊரு. அங்க ஒரு வடிவம் மனுஷங்களைப் பிடிச்சுக்குது. பேய் இல்ல, கொலைகாரன் இல்ல, வெறும் வடிவம். நத்தை ஓடு, புகை, காதுக்குள்ள இருக்கிற நத்தைக்கூடு, தலைமுடி... எல்லாமே சுருளுது.

சாபத்தோட மூலம் என்ன? குளத்துக்கு அடியில பழைய சுருள் நகரம் ஒண்ணு இருக்கு, இது முன்னாடியும் நடந்திருக்கு, இனிமேலும் நடக்கும். இவ்வளவுதான் கிடைக்குது. எப்படி நடக்குதுன்னு தெரியும், ஏன்னு தெரியாது. இட்டோவே பேட்டிகள்ல சொல்லியிருக்கார்: அவருக்கு முதல்ல தோணினது ஒரு நீளமான வரிசை வீடு. அதை நீட்டிக்கிட்டே போனா சுருட்டித்தானே ஆகணும்னு சுருளுக்கு வந்து சேர்ந்திருக்கார். ஜப்பானிய காமிக்ஸ்ல சுருள்ங்கிறது சிரிப்புக்குப் போடற அடையாளம், கன்னத்துல போடுவாங்க. அதையே பயமா மாத்த முடியுமான்னு பார்த்திருக்கார். ஆக, படம்தான் முதல்ல வந்திருக்கு. விளக்கத்தை எங்கயும் ஒளிச்சு வைக்கல.

இது நமக்குப் புதுசும் இல்லீங்க. புதுமைப்பித்தனோட 'காஞ்சனை' 1940கள்ல வந்த கதை. எழுத்தாளர் வீட்டுக்கு ஒரு பெண் வந்து சேர்றா. அவ யாரு, பேயா, இல்ல எல்லாம் அவர் மனசுக்குள்ளதானா? இன்னிக்கு வரைக்கும் வாசகர்கள் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்தச் சண்டை தீரும்னு யாரும் எதிர்பார்க்கல. அந்த வீட்ல புருஷனும் பொண்டாட்டியும் எப்படி நடந்துக்கறாங்கங்கிறதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

சரி, உசுமாகியில மனுஷங்க எப்படி நடந்துக்கறாங்க? ஷூயிச்சியோட அப்பாவுக்குச் சுருள் மேல மோகம். சேர்த்து வைக்கிறார், ரசிக்கிறார், கடைசியில தானே சுருளாகி ஒரு மரத்தொட்டிக்குள்ள செத்துப் போறார். அம்மாவுக்கு நேர் எதிர், சுருள்னாலே பயம். முடியை வெட்டிக்கிறா, விரல் நுனித் தோலைக்கூட வெட்டிக்கிறா, ஏன்னா கைரேகையும் சுருள்தான். காதுக்குள்ளயும் ஒண்ணு இருக்குன்னு தெரிய வந்ததும் கதை முடிஞ்சுது. ஆசைப்பட்டவரும் போனார், பயந்தவளும் போனாள். இட்டோ இந்த ரெண்டையும் தொடக்கத்துலயே பக்கத்துல பக்கத்துல வைக்கிறது தற்செயல் இல்லன்னு நெனைக்கறேன். ரெண்டு பேரும் வேற எதையும் பார்க்க முடியாம அதையே பார்த்துக்கிட்டு இருந்தவங்க.

ஷூயிச்சி மூணாவது ரகம். அவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். பக்கத்து ஊர்ல படிக்கிறவன், தினம் வெளிய போய்ட்டு வர்றவன், அதனால ஊரோட நாத்தம் அவன் மூக்குக்குத்தான் முதல்ல தெரியுது. கிரியேகிட்ட ஆரம்பத்துலயே கேக்கறான், ரெண்டு பேரும் இந்த ஊரை விட்டுப் போயிடலாம்னு. ஆனா போகல. முதல்ல அப்பா, அப்புறம் ஆஸ்பத்திரியில அம்மா, அப்புறம் கிரியே. வழி முழுசா அடைபட்டதெல்லாம் பின்னாடிதான். அது வரைக்கும் அவனைப் பிடிச்சு வச்சது சாபம் இல்ல, ஒரு ஆள் மாத்தி ஒரு ஆள்.

இப்ப கிரியே. அவளை மந்தம்னு சொல்றவங்க அவ வீட்டைக் கொஞ்சம் பாருங்க. அப்பா மண்பாண்டம் செய்றவர், தம்பி இருக்கான், ஸ்கூல், தோழிங்க. ஒவ்வொரு அத்தியாயத்துலயும் ஒருத்தருக்கு ஏதோ ஆகுது, அடுத்த அத்தியாயத்துல அவ மறுபடியும் ஸ்கூலுக்குப் போறா. முதல் தடவை படிக்கும்போது இது கதையில உள்ள ஓட்டை மாதிரி தெரியும். ஆனா பெரிய விஷயம் நடந்த மறுநாள் காலையில நாமளும் அதைத்தானே செய்றோம்? தண்ணி பிடிக்கணும், டிபன் கட்டணும், பஸ்ஸப் பிடிக்கணும். அவ முடிவெடுக்காம இல்ல. தினமும் காலையில இருக்கிறதுன்னு முடிவெடுக்கறா, அது முடிவுன்னே தெரியாம. கடைசியில குளம் வரைக்கும் போறதும் பெத்தவங்களைத் தேடித்தான், மர்மத்தைக் கண்டுபிடிக்க இல்ல. ஷூயிச்சி 'என்னை விட்டுட்டுப் போ'ன்னு சொல்லியும் அவன் பக்கத்துலயே இருந்துடறா.

திருப்பூர்ல உக்காந்து இதைப் படிக்கும்போது வேற மாதிரி இருக்குங்க. இந்த ஊரே சுருள்லதான் ஓடுது. நிட்டிங் மெஷின் வட்டமா சுத்தும், சுத்திலும் பல இடத்துலருந்து நூல் உள்ள போகும். துணி குழாய் மாதிரி கீழ இறங்கும். ஒவ்வொரு நூலும் நேர் வட்டமா முடியறதில்ல, கொஞ்சம் ஏறி ஏறிச் சுருளாத்தான் போகும். அதோட நூல்லயே இருக்கிற முறுக்கும் சேர்ந்தா, சிங்கிள் ஜெர்சி டீ-ஷர்ட்டை ஒரு தடவை துவைச்சதும் சைடு தையல் முறுக்கிக்கிட்டு வயித்துப் பக்கம் வந்துரும். செக்கிங்ல இதுக்குப் பேரே ஸ்பைராலிட்டி. குரோஉஸு ஜனங்களுக்குக் கிடைக்காத விடை இங்க இருக்கு. காரணம் தெரியும், எதிர்முறுக்கு நூல் போட்டோ வேற விதத்துலயோ குறைக்கவும் தெரியும்.

அப்ப காரணம் தெரிஞ்சா பயம் போயிடுமா? உசுமாகியில தும்பிக் குளம்னு ஒண்ணு வரும். ஊர்ல பொணம் எரிக்கிற புகையெல்லாம் சுருண்டு அந்தக் குளத்துலதான் இறங்கும். அதோட களிமண்ணை எடுத்துத்தான் கிரியேவோட அப்பா பானை செய்வார். சூளையிலருந்து எடுத்தா பானையில செத்தவங்க முகம். நான் இந்த இடத்துல நொய்யலை நெனைக்காம இருக்க முடியல. வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா காவிரிக்குப் போற ஆறு. பாசனத்துக்குன்னு 1992ல ஒரத்துப்பாளையம் அணை வந்தது. அதுல வந்து தேங்கினது சாயக்கழிவு. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைங்க மூடப்பட்டது.

இதுல மர்மம் ஒண்ணுமே இல்லீங்க. தண்ணி ஏன் அந்த நிறம், யாருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வருஷக்கணக்கா நடந்தது. ஏன்னா சாயம் போடறவருக்குச் சம்பளம், கம்பெனிக்கு ஆர்டர், தெற்குலருந்தும் வடக்குலருந்தும் பஸ் ஏறி, ரயில் ஏறி வந்தவங்களுக்கு வீட்டு வாடகை. ஒவ்வொருத்தர்கிட்டயும் நியாயமான ஒரு காரணம் இருந்தது. கிரியேகிட்ட இருந்த மாதிரியே.

அதனாலதான் சாபத்தோட மூலத்தை இட்டோ சொல்லாம விட்டது எனக்குச் சரியாப் படுது. சொல்லியிருந்தா, 'ஓ, அதனாலயா'ன்னு புத்தகத்தை மூடியிருப்போம். சொல்லாததால மனுஷங்களைப் பார்க்க வேண்டியதாயிருக்கு. யார் எதுக்காக இருந்தாங்க, எந்த நாள் வரைக்கும் போக முடிஞ்சிருக்கும், அந்த நாள் எப்ப சத்தமில்லாம தாண்டிப் போச்சு. அடுத்த தடவை ஹாரர் படிக்கும்போது, 'இவ ஏன் ஓடல'ன்னு திட்றதுக்கு முன்னாடி, ஓடினா அவ யாரை விட்டுட்டுப் போகணும்னு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்க. பல கதைகள்ல விடை அந்தப் பட்டியல்லயே இருக்கும்.

உங்க பட்டியல்ல வர்ற கேரக்டர் யாருன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. 'தோமியே'வைப் பத்திக் கேட்டவங்களுக்கு: அடுத்த எபிசோடு அதுதான். அவளைக் கொல்றவங்க ஏன் கொல்றாங்கங்கிற கேள்வியிலருந்து ஆரம்பிப்போம். வர்றேனுங்க.